சூடு பட்ட இடம்

பிப்ரவரி 3, செவ்வாய்

பேருந்து தாமதம். வகுப்புக்குள் நுழைந்தபோது கடைசி வரிசை நிரம்பியிருந்தது. முன்னால் உட்கார வேண்டியதாகிவிட்டது. மேடம் என்னிடம் ஏதாவது கேட்டுவிடுவாரோ என்ற பயத்தில் முதல் கொஞ்ச நேரம் காதில் எதுவும் விழவில்லை. நல்லவேளை, மேடம் எதுவும் கேட்கவில்லை. பிழைத்தேன்.

இந்த மாலை வகுப்பே பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர்களுக்காக நடப்பது. முடித்தால் கல்லூரியில் முதலாண்டு சேரலாம். முடிக்க ஒரே ஒரு கட்டுரை எழுத வேண்டும். நம் வேலையிலோ வீட்டிலோ ஆளுக்கு ஒரு மாதிரி சொல்கிற ஏதாவது ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். நம் பக்கம் எது என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். எதிராளி என்ன சொல்வான் என்று நாமே யோசித்து அதற்கும் பதில் எழுத வேண்டும்.

என்னை யாரும் எதிர்த்துப் பேசியதில்லை. நான் பேசினால்தானே எதிர்ப்பதற்கு. அம்மா என்னை வாயில்லாப் பூச்சி என்பாள். ஒன்பதாவது படிக்கும்போது அம்மா மாடிப்படியில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று பள்ளிக்கூடத்திலிருந்து நின்றேன். அம்மா நடக்க ஆரம்பித்த பிறகும் நான் திரும்பிப் போகவில்லை. வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொல்வார்களே, அது இனி கிடையாது என்பதில் ஒரு நிம்மதி.

விஷயம் எதுவும் தோன்றவில்லை.


பிப்ரவரி 5, வியாழன்

சித்திக்கு மறுபடி சுட்டுவிட்டது.

நானும் எங்களோடே இருக்கிற சித்தியும் ஒரே சலவை ஆலையில்தான் வேலை பார்க்கிறோம். ஓட்டல் துணியும் ஆஸ்பத்திரித் துணியும் வண்டி வண்டியாக வரும். துவைத்துப் பிழிந்தபின் எங்கள் பக்கம் வரும். சூடான உருளை ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கும். இந்தப் பக்கம் இரண்டு பேர் ஈரத் துணியை ஆளுக்கொரு மூலையாகப் பிடித்து அதன் வாயில் கொடுப்போம். அந்தப் பக்கம் இஸ்திரி போட்டாற்போல் வெளியே வரும், இரண்டு பேர் மடிப்பார்கள். உருளைக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. கை பட்டால் மெஷின் நின்றுவிடும். கம்பிக்குப் பின்னால் ஒரு தகடு இருக்கிறது. மெஷின் நின்றாலும் அதன் சூடு நிற்காது. சித்தியின் கை அதில்தான் பட்டது.

மேற்பார்வையாளர் வந்து பார்த்தார். திட்டவில்லை. அவரே மருந்துப் பெட்டியை எடுத்துவந்தார். ஆனால் மருந்து போட்டு முடித்ததும், இந்த வருஷத்தில் இது முதல் தடவை இல்லையே, வயசானால் கவனம் குறையத்தானே செய்யும் என்றார். நாளையிலிருந்து சித்தி அழுக்குப் பிரிக்கும் அறைக்குப் போக வேண்டும். அடுத்த மாதக் கடைசியில் உருளைக்கு வேறு ஆளை நிரந்தரமாகப் போட்டுவிடுவாராம்.

"நெருப்பில்லாம புகையுமா அக்கா? நீங்களே சொல்லுங்க."

சித்தி தலையைக் குனிந்துகொண்டாள். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கிறவள் சித்தி. காய்கறிக்காரர்கூட அவளிடம் வாய் கொடுக்க மாட்டார்.

அழுக்குப் பிரிக்கும் அறையில் புதிதாகச் சேர்ந்தவர்களைத்தான் போடுவார்கள். ஆஸ்பத்திரி மூட்டைகள் வந்து விழுகிற இடம். முகமூடி போட்டுக்கொண்டு, ரத்தம் பட்டது, படாதது என்று பிரிக்க வேண்டும். சித்தி உருளைக்கு வந்து எத்தனையோ வருஷம் ஆகிறது.


பிப்ரவரி 6, வெள்ளி

சித்தி ஸ்பூனால் சாப்பிட்டாள். நானும் அம்மாவும் பார்க்காத மாதிரி இருந்தோம்.


பிப்ரவரி 8, ஞாயிறு

விஷயம் கிடைத்துவிட்டது. இதைவிட என்ன வேண்டும்?

மேற்பார்வையாளர் சொல்வது: சித்தியின் கவனக்குறைவு. நான் சொல்வது: மெஷினின் வேகம். சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு வேகத்தைக் கூட்டிவிடுவார்கள். எங்கள் பக்கம் எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள்.

காலையில் உட்கார்ந்தவள் அம்மா சாப்பிடக் கூப்பிடும்வரை எழுந்திருக்கவில்லை. சித்தி கல்யாணமே வேண்டாம் என்று எங்களோடு இருந்துவிட்டது, அம்மா படுத்திருந்தபோது வேலைக்கும் போய் வீட்டையும் பார்த்தது, ஒரு நாள்கூட லீவு போடாதது, எல்லாவற்றையும் எழுதினேன். எழுதும்போது எனக்கே கண்ணீர் வந்தது. நல்ல கட்டுரைதான் என்று தோன்றுகிறது.


பிப்ரவரி 12, வியாழன்

ஜோடியாக உட்கார்ந்து ஒருவர் கட்டுரையை மற்றவர் படிக்க வேண்டுமாம். முன்பே தெரிந்திருந்தால் வந்திருக்க மாட்டேன்.

எனக்கு வாய்த்தவர் டாக்சி ஓட்டுகிறவர். வகுப்பில் அவருக்கு 'ஆனாலும்' என்று பெயர். மேடம் எதைச் சொன்னாலும் "சரிதாங்க மேடம், ஆனாலும்..." என்று இழுப்பார். நான் மனதுக்குள் ஆனாலும் அண்ணன் என்று வைத்திருக்கிறேன். வாய்விட்டு எதுவும் கூப்பிட்டதில்லை.

கடைசிவரை படித்தார். மூக்கை உறிஞ்சினார். நிஜமாகவே கண் கலங்கியிருந்தது.

"உங்க சித்திய நெனச்சா எனக்கே அழுகை வருதும்மா. ஆனாலும் நம்பல."

எதை நம்பவில்லை என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவரே சொன்னார். சித்தி நல்லவள் என்பதற்கு இரண்டு பக்கம் இருக்கிறதாம், வேகத்தால்தான் சுடுகிறது என்பதற்கு ஒரு வரிகூட இல்லையாம். நல்லவர்களுக்குக் கை தவறாதா? அவருடைய மாமனார் பத்தரைமாற்றுத் தங்கம், ஆனால் அவர் கையில் வண்டிச் சாவியைக் கொடுக்க மாட்டாராம்.

அவருடைய கட்டுரை, ஆஸ்பத்திரி வாசலுக்குள் டாக்சிகளை நிற்க விட வேண்டும் என்பது. அதில் 'எல்லாருக்கும் தெரியும்' என்று மூன்று பத்தியிலும் இருந்தது. ஓரத்தில் பென்சிலால், சின்னதாக, 'எனக்குத் தெரியாது' என்று எழுதிக் கொடுத்தேன். அவர் சத்தமாகச் சிரித்தார். வகுப்பே திரும்பிப் பார்த்தது. எனக்கு மேசைக்கு அடியில் போய்விடலாம் போல இருந்தது.


பிப்ரவரி 13, வெள்ளி

நம்பலையாம். நம்பாட்டிப் போகட்டும். ஒரு நாள் அந்த மெஷின் முன்னாடி வந்து நின்னு பாக்கட்டுமே. ஏசி போட்ட வண்டியில உக்காந்துக்கிட்டு நம்பலையாம் —

வேலை முடிந்து வரும்போது, அவர் சொன்னதில் எது தப்பு என்று பேருந்தில் யோசித்துக்கொண்டே வந்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் எரிச்சல்.


பிப்ரவரி 17, செவ்வாய்

மேடம் இன்று பழமொழிகளைக் கூண்டில் ஏற்றினார். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது. ஒன்றுக்குப் பின் ஒன்று நடந்தால் முதலாவதால்தான் இரண்டாவது நடந்தது என்று ஆகிவிடுமா? எனக்கு என் கட்டுரை ஞாபகம் வந்தது. வேகத்தைக் கூட்டுகிறார்கள், பிறகு சுடுகிறது. நான் காக்கையையும் பழத்தையும்தான் எழுதியிருக்கிறேன்.

அடுத்தது, ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். இது நல்ல வாதமா என்றார். பாதிப் பேர் ஆம், பாதிப் பேர் இல்லை. ஆனாலும் அண்ணன் கையைத் தூக்கினார்.

"ஒரே பானைன்னா சரிங்க மேடம். ஒரே தண்ணி, ஒரே நெருப்பு. ஆனாலும் இந்தச் சோத்த வெச்சு பக்கத்துப் பானையில வெந்துடுச்சுன்னு சொல்ல முடியுமா?"

மேடம் அவரைப் பார்த்துச் சிரித்தது இதுதான் முதல் தடவை.

எங்கள் ஆலையில் இரண்டு பானை இருக்கிறது! இது ஏன் எனக்கு இத்தனை நாள் தோன்றவில்லை? எங்களுடையது சின்ன உருளை. கூடத்தின் அந்தக் கோடியில் ஓட்டல் விரிப்புகளுக்கு என்று பெரிய உருளை ஒன்று ஓடுகிறது. அது எங்களுடையதைவிட வேகம். அதே கம்பி, அதே தகடு. வேகம்தான் காரணம் என்றால் அங்கே எங்களைவிட அதிகம் பேருக்குச் சுட்டிருக்க வேண்டும்.

போய்க் கேட்க வேண்டும். அதாவது, வாயைத் திறந்து கேட்க வேண்டும்.


பிப்ரவரி 18, புதன்

சாப்பாட்டு இடைவேளையில் பெரிய உருளைப் பக்கம் போனேன். தண்ணீர் குடிப்பது போல நின்றேன். தாகமே இல்லாமல் இரண்டு டம்ளர் குடித்தேன். அங்கே ஓயாமல் பாட்டு முணுமுணுக்கிற அக்கா ஒருத்தி இருக்கிறாள், அவள்தான் முதலில் பார்த்தாள்.

"என்னடி, வழி தவறி வந்துட்டியா?"

கேட்டேன். என்ன வார்த்தைகளில் கேட்டேன் என்று ஞாபகமில்லை. ஆனால் புரிந்துகொண்டார்கள். ஒவ்வொருத்தியாகக் கையைத் திருப்பித் திருப்பிக் காட்டினார்கள். முன்பக்கம், பின்பக்கம். ஒரு கையிலும் ஒன்றும் இல்லை. பாட்டு அக்கா, நாங்க என்ன அடுப்படியிலயா நிக்கறோம் என்று சொல்ல எல்லாரும் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. திரும்பி வருகிற வழி ரொம்ப நீளமாக இருந்தது.


பிப்ரவரி 19, வியாழன்

வேகம் இல்லை. நான் எழுதியது பொய். பொய் என்று தெரியாமல் எழுதினேன் என்பதற்காக அது உண்மையாகிவிடாது.


பிப்ரவரி 24, செவ்வாய்

தழும்புகளைப் பார்த்துக்கொண்டு திரிகிறேன். இதற்குப் பேச வேண்டியதில்லை என்பது ஒரு வசதி. கை கழுவும் இடத்தில், சாப்பிடும்போது, பேருந்தில் மேல்கம்பியைப் பிடித்துத் தொங்கும்போது. யார் கையும் ஒளிந்துகொள்வதில்லை.

சின்ன உருளையில் நிற்கிற எல்லார் கையிலும் இருக்கிறது. என் வயசுப் பெண்கள் கையிலும் இருக்கிறது. சின்னச் சின்னதாக, ஆறிப்போய். யாரும் மேற்பார்வையாளரிடம் போய்ச் சொல்லாததால் கணக்கில் வராமல் போனவை. சித்தியுடையது மட்டும் பெரிய காயங்கள், அதனால் தெரிந்தன. அப்படியானால் வயசும் இல்லை.

இன்னொன்று. எல்லாருக்கும் ஒரே இடத்தில் இருக்கிறது. வலது மணிக்கட்டின் அடிப்பக்கம். விரல் நுனியில் ஒருத்திக்கும் இல்லை. எங்களில் ஒருத்தி இடதுகைப் பழக்கக்காரி. அவளுக்கு மட்டும் இடது மணிக்கட்டில்.

துணியைக் கொடுக்கும்போது மணிக்கட்டு அவ்வளவு தூரம் போகாது. விரல்தான் கிட்டே போகும். அப்படியானால் துணி கொடுக்கும்போது சுடவில்லை. வேறு ஏதோ செய்யும்போது சுடுகிறது. கையை நீட்டி, கம்பிக்கு மேலாக எதையோ பிடிக்கப் போகும்போது.

எதை?


பிப்ரவரி 25, புதன்

இன்று முழுக்க என் கையையே வேடிக்கை பார்த்துக்கொண்டு வேலை செய்தேன். கூட நின்றவள், பிரமை பிடித்துவிட்டதா என்று கேட்டாள்.

விரிப்பு வந்தது. கை நேராகப் போய் நேராகத் திரும்பியது. தலையணை உறையும் அப்படியே. பிறகு ஆஸ்பத்திரி அங்கிகள். நோயாளிக்குப் போட்டுவிடுகிற, முதுகுப் பக்கம் நாடா வைத்த அங்கி. கீழ் விளிம்பை உருளை பிடித்து இழுத்துக்கொண்டது. நாடா முடிச்சு இன்னும் அவிழாமல் இருந்தது. முடிச்சோடு உள்ளே போனால் துணி அந்த இடத்தில் கிழியும். அங்கி நகர்ந்து போய்க்கொண்டே இருக்க, என் வலது கை முடிச்சை அவிழ்த்தபடி அதன் பின்னாலேயே போனது. கம்பிக்கு மேலாக. நான் போகச் சொல்லவில்லை. தினமும் போகிற பாதையில் மாடு போகிற மாதிரி அதுவே போனது.

முடிச்சு. ஓட்டல் விரிப்பில் நாடாவும் கிடையாது, முடிச்சும் கிடையாது.

இந்த முடிச்சு எங்கிருந்து வந்தது என்று ஆலையில் எல்லாருக்கும் தெரியும். நான் வேலைக்குச் சேர்வதற்கு ரொம்ப முன்னால் சித்தி துவைக்கும் பகுதியில் இருந்தாள். அப்போதெல்லாம் நாடாக்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு சடை சடையாக வருமாம். கத்திரிக்கோலால்தான் வெட்டுவார்களாம். சித்திதான் யோசனை சொன்னாள்: துவைக்கப் போடும் முன்பே, அழுக்குப் பிரிக்கும்போதே, ஒவ்வோர் அங்கியின் நாடாக்களையும் சேர்த்து ஒரு முடிச்சுப் போட்டுவிடுவோம் என்று. அதோடு சடை போயிற்று. பழைய முதலாளி எல்லார் முன்னாலும் சித்தியைக் கூப்பிட்டுப் பாராட்டினாராம். இன்றும் புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் சொல்லித் தருவது அதைத்தான். அதன் பெயரே அக்கா முடிச்சு.

ஐயோ.


பிப்ரவரி 26, வியாழன்

புதிதாக எழுதிக்கொண்டு போனேன். பழையதில் பாதிகூட இல்லை. சித்தியின் தியாகங்கள் எதுவும் இல்லை. வயசு காரணமில்லை, ஏனென்றால் சின்னவர்களுக்கும் சுட்டிருக்கிறது. வேகம் காரணமில்லை, ஏனென்றால் வேகமான உருளையில் யாருக்கும் சுடவில்லை. காயம் இருக்கிற இடம், கை எங்கே போகிறது என்பதைக் காட்டுகிறது. முடிச்சுதான் காரணம்.

முடிச்சு யாருடையது என்று எழுதவில்லை. 'ஆலை வழக்கப்படி' என்று போட்டேன்.

ஆனாலும் அண்ணன் இந்தத் தடவை மூக்கை உறிஞ்சவில்லை. இப்ப நம்பறேன் என்றார். நான் மூச்சு விடுவதற்குள், ஆனாலும், வழக்கம் தானாக முளைக்காதே, யார் ஆரம்பித்தது என்றார்.

அது வாதத்துக்குத் தேவையில்லை, யார் ஆரம்பித்திருந்தாலும் முடிச்சு சுடத்தான் செய்யும் என்றேன். அவரிடம் நான் இவ்வளவு நீளமாகப் பேசியதே இல்லை. அவர் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார்.

"வாதத்துக்குத் தேவையில்ல. ஒத்துக்கறேன். ஆனாலும் உங்க சித்திகிட்ட இதைச் சொல்லிட்டியா?"

சித்தி என்று நான் சொல்லவே இல்லை. என் முகத்தில் எழுதி ஒட்டியிருக்கிறது போல.


பிப்ரவரி 28, சனி

அம்மாவிடம் சொன்னேன். அம்மா, "எழுதாத. உலகத்துல வேற விஷயமா இல்ல? சுட்ட எடத்துலயே சூடு வைப்பியா?" என்றாள்.

எழுதாவிட்டால், சித்தி கவனமில்லாதவள் என்ற பெயரோடு அழுக்கு அறையிலேயே இருப்பாள். மற்றவர்களுக்குச் சுட்டுக்கொண்டே இருக்கும். எழுதினால், அந்த ஆலையில் அவளுக்கென்று இருக்கிற ஒரே பெருமை போய்விடும். குழப்பம் வந்தால் இரண்டு பக்கத்தையும் எழுதிப் பார் என்று மேடம் சொல்வார். எழுதிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் சித்திதான் நிற்கிறாள்.


மார்ச் 1, ஞாயிறு

சித்தி பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். வாசற்படியில் உட்கார்ந்து முழுவதையும் வாசித்தேன். நடுவில் ஒரு முறை நிறுத்திவிட்டேன். சித்தி திரும்பாமலே, "ம், படி" என்றாள்.

முடித்தபோது கையில் கிளிப்பை வைத்துக்கொண்டு கொடியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப எல்லார் கையும் வெந்ததுக்கு நான்தான் காரணம்."

அப்படி எழுதவில்லை என்றேன்.

"வேற எப்படி எழுதியிருக்க? என்னைக் காப்பாத்தறேன்னு கெளம்பி எனக்கே குழி வெட்டி வெச்சிருக்க."

நான் அழுதேன். அழுகையெல்லாம் ஆதாரமாகாது என்று இப்போது தெரிந்தும் அழுதேன். சித்தி மிச்சத் துணியை உதறி உதறிப் போட்டாள். பக்கெட்டை எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டி உள்ளே போகும்போது நின்றாள்.

"சரி, முடிச்சு போடலைன்னே வெச்சுக்க. மறுபடி நாடா சடை பிடிக்கும். அதுக்கு உன் கட்டுரையில பதில் எங்க?"

இல்லை. கோபத்தில் கேட்டதுதான். ஆனால் இது ஆனாலும் அண்ணனுக்கே தோன்றாத கேள்வி.


மார்ச் 3, செவ்வாய்

சித்தி என்னோடு பேசுவதில்லை. எல்லாம் அம்மா வழியாகத்தான். "அவளுக்குச் சாப்பாடு போட்டாச்சான்னு கேளு." நான் பக்கத்திலேயே நிற்கிறேன்.

வகுப்புக்குப் போகவில்லை.


மார்ச் 6, வெள்ளி

காலைப் பேருந்தில் சித்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இரண்டு நிறுத்தம் தாண்டியது. பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"முடிச்சு தப்பில்ல. அதை எங்க அவுக்கறோங்கறதுதான் தப்பு."

அழுக்கு அறையில் உட்கார்ந்து நாள் முழுக்க அந்த முடிச்சைப் போட்டுக்கொண்டிருப்பது இப்போது சித்திதான். அது எனக்கு உறைக்கவே இல்லை. போட்டுக்கொண்டே யோசித்திருக்கிறாள்.

முதலில் முடிச்சைத் துவைக்கும் பகுதியிலேயே அவிழ்த்துத்தான் அனுப்புவார்களாம். பிழிந்து எடுத்ததும் உதறி, அவிழ்த்து, வண்டியில் போடுவது. பிறகு புது ஆஸ்பத்திரி ஒன்று சேர்ந்து மூட்டை கூடியது. அந்தப் பக்கத்துப் பெண்கள் திணறினார்கள். சித்தி அப்போதுதான் உருளைக்கு மாறி வந்திருந்தாள். பழகினவர்கள் கஷ்டப்படுகிறார்களே என்று, நீங்க அப்படியே அனுப்புங்கடி, நாங்க இங்க அவுத்துக்கறோம் என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அப்படியே நடக்கிறது. யாரும் அதை ஒரு முடிவு என்றுகூட நினைக்கவில்லை.

நான் எத்தனை கையைப் பார்த்திருந்தாலும் இது எனக்குத் தெரிந்திருக்காது.

இறங்கும்போது, "அதையும் எழுதிக்கோ" என்றாள்.


மார்ச் 9, திங்கள்

ஷிப்ட் முடிந்து நான் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். சித்தி வந்து, "வா, போகலாம்" என்றாள். வீட்டுக்கு என்று நினைத்தேன். மேற்பார்வையாளர் அறைக்கு.

சித்தி சொன்னதையும் சேர்த்து எழுதியிருந்த கட்டுரையைக் கொடுத்தேன். அவர் உட்காராமல், மேசையில் சாய்ந்துகொண்டே படித்தார். ஓரிடத்தில் நிமிர்ந்து பார்த்தார். வேகம் காரணமில்லை என்று நாங்களே எழுதியிருப்பது அவருக்கு ஆச்சரியம். எல்லாரும் வேகத்தைத்தானே குறை சொல்வீர்கள் என்றார். அதற்குப் பிறகு அவர் படித்த விதம் மாறியது. வரிகளை விரலால் தொட்டுக்கொண்டு போனார்.

முடித்துவிட்டு, இங்கேயே அவிழ்த்துக்கொள்கிற ஏற்பாட்டை யார் செய்தது என்று கேட்டார். நான் தரையைப் பார்த்தேன்.

"நான்தான் சார். முடிச்சும் நான். இங்க அவுத்துக்கறோம்னு சொன்னதும் நான்."

அவர் சித்தியை விட்டு என்னைப் பார்த்தார். "அப்ப, சுத்தி வளைச்சு இவங்க மேலதான் தப்புன்னு ஆகுது. அதைத்தானே நானும் சொன்னேன்?"

இந்த இடத்தில் பேசியது நான். ஞாபகம் இருக்கும்போதே அப்படியே எழுதி வைக்கிறேன்.

"இல்ல சார். தப்பு வேற, கவனக்குறைவு வேற. நீங்க சொன்னது கவனக்குறைவு. அதுக்கு ஆதாரம் இல்ல."

அவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. மறுபடி கடைசிப் பக்கத்தை எடுத்துப் பார்த்தார். நாளையிலிருந்து பிழியும் மெஷின் பக்கத்தில் ஒரு மேசை போடச் சொல்கிறேன், அங்கேயே அவிழ்த்து அனுப்பட்டும், இரண்டு வாரம் பார்ப்போம் என்றார். அந்த மேசையில் யார் நிற்பது? சித்தியே நிற்கட்டும். உருளையைப் பற்றி அப்புறம் பேசலாம்.

வெளியே வந்து வாசல்வரை சித்தி வேகமாக நடந்தாள். பிறகு, "வாயில்லாப் பூச்சியாம். உங்கம்மாவுக்கு என்ன தெரியும்" என்றாள்.


மார்ச் 10, செவ்வாய்

காலையில் எழுந்ததும் 'ஆதாரம் இல்ல' என்று நான் சொன்னது ஞாபகம் வந்தது. போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன்.


மார்ச் 17, செவ்வாய்

மேசை வந்துவிட்டது. ஒரு கால் குட்டை, அட்டையை மடித்து வைத்திருக்கிறார்கள். துவைக்கும் பகுதிக்காரர்கள் முணுமுணுக்கிறார்கள், இடத்தை அடைக்கிறதாம். சித்தி அங்கே நின்று உதறி, அவிழ்த்து, வண்டியில் போடுகிறாள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அவிழ்க்கிற வேகத்தைப் பார்த்தால், கை தடுமாறுகிறவள் என்று சொல்ல யாருக்கும் மனசு வராது. (இது ஆதாரம் இல்லை. என் ஆசை.)

இதுவரை யாருக்கும் சுடவில்லை. இன்று மட்டும் ஓர் அங்கி முடிச்சோடு தப்பி வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற புதுப்பெண்ணின் கை உடனே அதன் பின்னால் போனது. நான் அவள் முழங்கையைப் பிடித்து இழுத்துவிட்டேன். துணி கிழிந்தது, கை தப்பியது. இதையும் கட்டுரையில் எழுத வேண்டுமா என்று மேடத்திடம் கேட்டேன். வகுப்பில் நான் கேட்ட முதல் கேள்வி. உனக்கு எதிராகப் போகிறதா என்று கேட்டார். கொஞ்சம் எதிராகவும் கொஞ்சம் சாதகமாகவும் போகிறது என்றேன். அப்படியென்றால் கட்டாயம் எழுது என்றார்.


மார்ச் 26, வியாழன்

கட்டுரையைக் கொடுத்துவிட்டேன். முடிவு அடுத்த மாதம்தான் தெரியும்.

நாடா சடை பிடிக்குமே என்ற கேள்விக்கும் அதன் பதிலுக்கும் ஒரு முழுப் பத்தி கொடுத்தேன். கடைசியில், இரண்டு வாரம் என்பது குறைந்த காலம், இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது என்றும் எழுதினேன். ஆனாலும் அண்ணன் படித்துவிட்டு, எனக்குச் சொல்ல எதையுமே மிச்சம் வைக்கலையேம்மா என்று குறைப்பட்டுக்கொண்டார். அவருடைய கட்டுரையில் இப்போது 'எல்லாருக்கும் தெரியும்' ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதை மட்டும் எடுக்க மனசு வரவில்லையாம்.

கட்டுரைக்குக் கீழே, யார் யாரிடம் கேட்டு எழுதினோமோ அவர்கள் பெயரையும் வேலையையும் போட வேண்டும். காலையில் சித்தி தலை சீவிக்கொண்டிருந்தபோது, உன் பெயரைப் போடலாமா என்று கேட்டேன்.

"போடு. நான்தானே சொன்னேன்."

வேலை என்ன என்று போடுவது? சீப்பு ஒரு நொடி நின்றது. "அந்த எடத்த விட்டு வை" என்றாள்.

பத்து மணி வாக்கில் மேற்பார்வையாளர் எங்கள் பக்கம் வந்தார். இரண்டு வாரத்தில் யாருக்கும் சுடவில்லை, ஆனால் அதற்குள் ஒன்றும் சொல்லிவிட முடியாது என்றார். நான் எழுதியதையே அவரும் சொன்னது எனக்கு வேடிக்கையாக இருந்தது. மேசை அங்கேயே இருக்கட்டும், அதில் முறை வைத்து ஆள் மாறி மாறி நிற்கட்டும் என்றார். பிறகு, போகிறபோக்கில் சொல்வது போல, அக்கா பழையபடி உருளைக்கு வரட்டும் என்றார். கவனக்குறைவைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. சித்தியும் கேட்கவில்லை.

சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு சித்தி என் பக்கத்தில் வந்து நின்றாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். அங்கி ஒன்று வந்தது, நாடாக்கள் பிரிந்து தொங்கிக்கொண்டு. ஆளுக்கொரு மூலையைப் பிடித்தோம். "நேரா புடிடி" என்றாள்.

வகுப்புக்குப் போகும் பேருந்தில், மடியில் வைத்து, சித்தியின் பெயருக்கு எதிரே இருந்த இடத்தில் 'உருளை இயக்குபவர்' என்று எழுதினேன்.